விண்வெளியே குளிர்தானே, அப்புறம் எதற்குக் குளிரூட்டி?

1999 மார்ச் மாதம் நாசா ‘வயர்’ என்ற சிறிய அகச்சிவப்புத் தொலைநோக்கி ஒன்றைப் புவிச் சுற்றுப்பாதைக்கு அனுப்பியது. 30 செ.மீ. ஆடிதான். ஆடியையும் உணரிகளையும் குளிரவைக்க, உறைந்த ஹைட்ரஜன் நிரப்பிய ஒரு குடுவை இருந்தது. அந்த ஹைட்ரஜன் மெல்ல மெல்ல ஆவியாகி நான்கு மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. நடந்தது வேறு. மூடியைக் கழற்றிவிடும் மின்னணுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்த கணத்தில் ஒரு தவறான துடிப்பு கிளம்பியது. நேரம் வருவதற்கு முன்பே மூடி பறந்துபோனது. வெளி வெப்பம் உள்ளே புகுந்தது, ஹைட்ரஜன் சீறிக்கொண்டு வெளியேறியது. அந்த வேகமே ஒரு குட்டி ராக்கெட் போலக் கலத்தைத் தள்ளி, நிமிடத்துக்கு 60 சுற்று வரை சுழலவைத்தது. ஒன்றரை நாளில் குடுவை காலி. திட்டமிட்ட வானாய்வு தொடங்குவதற்குள்ளேயே முடிந்துவிட்டது.

இது நடந்த இடம், நாம் எல்லோரும் கடும் குளிர் என்று சொல்லும் விண்வெளி.

விண்வெளி குளிர் என்பது பாதி உண்மைதான். பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை 2.7 கெல்வின், ஏறக்குறைய மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். அது சரி. ஆனால் குளிர்ந்த நீரில் கையை விட்டால் சூடு இறங்குவதற்குக் காரணம், நீர் கையைத் தொடுவது. வெற்றிடத்தில் தொட எதுவும் இல்லை. தெர்மாஸ் ஃப்ளாஸ்க்கின் இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றை எடுத்துவிடுவது எதற்கு? உள்ளே இருக்கும் சூடு போகாமல் இருக்கத்தானே. விண்கலமும் அப்படித்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. சூடு வெளியே போக அதற்கு இருப்பது கதிர்வீச்சு என்ற ஒரே கதவு.

உள்ளே வருவதற்கோ பல கதவுகள். பூமி இருக்கும் தூரத்தில் சூரியன் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1,361 வாட் கொட்டுகிறது. தாழ்ந்த சுற்றுப்பாதை என்றால் பூமியே கிட்டத்தட்டப் பாதி வானத்தை அடைத்துக்கொண்டு வெப்பத்தை வீசும். கலத்துக்குள் இருக்கும் கணினியும் ரேடியோவும் வேறு சூடாகிக்கொண்டே இருக்கும். பூமியின் தூரத்தில் ஒரு கறுப்புப் பந்தைச் சும்மா மிதக்கவிட்டால் அது கடைசியில் வந்து நிற்கும் வெப்பநிலை ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸ். மைனஸ் 270 அல்ல, பிளஸ் 5.

ஆகவே விண்வெளிக் கருவிகளைக் குளிர்விப்பவர்களுக்குக் குளிரை உண்டாக்குவதைவிடப் பெரிய வேலை, சூடு உள்ளே வரும் வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பது. இந்தத் துறையில் பேர்பெற்ற விபத்துகளைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஆழ்ந்த குளிர் இருக்கும் இடத்தில் கோளாறு வந்து கெட்டவை குறைவு. மூடி, குழாய், துவாரம் என்று ஓரங்களில்தான் அதிகம் கெட்டிருக்கின்றன. அதற்குப் போகும் முன், உணரி ஏன் குளிர வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம்.

உணரிக்கு என்ன பிரச்சினை?

ஒளி உணரி என்பது, ஒளித்துகள் வந்து மோதியதும் ஓர் எலக்ட்ரானை விடுவித்து அதை எண்ணும் பொருள். சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க 1.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். அறை வெப்பநிலையில் அணுக்களின் அதிர்வு தரும் ஆற்றல் 0.026 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும். எட்டாத தூரம்தான். ஆனால் எலக்ட்ரான்கள் கோடானுகோடி. அவற்றில் சில, ஒளியே படாமல் வெப்பத்தால் மட்டும் விடுபட்டுவிடும். அதுதான் இருள் மின்னோட்டம். மூடியைப் போட்டுப் படமெடுத்தாலும் படத்தில் புள்ளிகள் தெரிவது இதனால். சிலிக்கானை ஆறேழு டிகிரி குளிர்வித்தால் இருள் மின்னோட்டம் பாதியாகிவிடும் என்பது பொதுவான கணக்கு. விண்மீன்களின் இருப்பிடத்தை அளந்த ‘கயா’ கலத்தின் கேமராக்கள் சுமார் மைனஸ் 110 டிகிரி செல்சியஸில் வேலை செய்தன. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு இந்த அளவு குளிரே போதும்.

அகச்சிவப்புக்குப் போனால் கதை மாறுகிறது. 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளம் கொண்ட ஒளித்துகளிடம் இருப்பது 0.12 எலக்ட்ரான் வோல்ட் மட்டும். சிலிக்கானை அது அசைக்கக்கூட முடியாது. அதனால் எளிதில் எலக்ட்ரானைக் கொடுத்துவிடும் பொருள் தேவை. சிலிக்கானில் துளி ஆர்செனிக் கலந்தால் 0.054 எலக்ட்ரான் வோல்ட் போதும், 28 மைக்ரான் வரை பார்க்கலாம். ஆனால் ஒளிக்கு எளிதாகக் கொடுப்பது வெப்பத்துக்கும் எளிதாகக் கொடுக்கும். அறை வெப்பநிலையில் அந்த எலக்ட்ரான்கள் ஏறக்குறைய எல்லாமே ஏற்கெனவே விடுபட்டுக் கிடக்கும். எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. 7 கெல்வினுக்குக் கொண்டுபோனால் வெப்ப ஆற்றல் 0.0006 எலக்ட்ரான் வோல்ட்டாகச் சுருங்கும். அப்போதுதான் அந்த உணரிக்கு உயிர் வரும்.

இன்னொரு தொல்லை, தொலைநோக்கியே ஒளிர்வது. 300 கெல்வினில், அதாவது அறை வெப்பநிலையில், இருக்கும் எந்தப் பொருளும் 10 மைக்ரான் பக்கத்தில் மிகுதியாகக் கதிர்வீசும். நம் கண்ணுக்குத் தெரியாது, அகச்சிவப்பு உணரிக்குப் பட்டப்பகல். ஆடி, குழாய், தாங்கிக் கம்பிகள் எல்லாம் விளக்குப் போலப் பிரகாசிக்க, நடுவில் ஒரு மங்கலான விண்மீன் திரளைத் தேட வேண்டும். அதனால் உணரியை மட்டும் குளிர்வித்துப் பயனில்லை. அதன் கண்ணில் படும் எல்லாம் குளிர வேண்டும்.

காமாக் கதிர்களுக்கும் குளிர் தேவை, காரணம்தான் கொஞ்சம் வேறு. ஐரோப்பாவின் ‘இன்டெக்ரல்’ கலத்தில் இருந்த 19 ஜெர்மானியம் படிகங்களை இயந்திரக் குளிரூட்டிகள் ஏறக்குறைய 80 கெல்வினில் வைத்திருந்தன. காஸ்மிக் கதிர்கள் தாக்கித் தாக்கிப் படிகம் பழுதாகும். அதைச் சரிசெய்ய அவ்வப்போது சுமார் 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, மறுபடி குளிர்விப்பார்கள். குளிர்விப்பதற்கென்றே கட்டிய கருவியை வேண்டுமென்றே வாட்டி எடுப்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

முதலில் நிழல்

செலவே இல்லாத குளிரூட்டி நிழல். சூரியனை மறைத்துக்கொண்டு, கறுப்பு வானத்தைப் பார்த்தபடி ஒரு தகட்டை வைத்தால் அது தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துக் குளிரும். ஆனால் கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 300 கெல்வினில் ஒரு சதுர மீட்டர் கறுப்புத் தகடு 460 வாட் வெளியே தள்ளும். அதே தகடு 40 கெல்வினில் இருந்தால் தள்ளுவது 0.15 வாட்டுக்கும் குறைவு. மூவாயிரம் மடங்கு வித்தியாசம்! குளிரக் குளிரக் கதவு சுருங்கிக்கொண்டே போகிறது. 30, 40 கெல்வின் பக்கத்தில் ஏதோ ஒரு கம்பி வழியாகக் கசிந்து வரும் சின்னச் சூட்டைக்கூட வெளியேற்ற முடியாமல் தகடு திணறும். நிழலின் எல்லை அதுதான்.

அந்த எல்லையைத் தொட்ட கலம் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. சூரியன், பூமி, நிலா மூன்றுமே எப்போதும் ஒரே பக்கத்தில் இருக்கும் இடம் என்பதால் ஒரே ஒரு குடை போதும். அந்தக் குடையில் ஐந்து அடுக்குகள், நீளம் 21 மீட்டர், அகலம் 14 மீட்டர். அலுமினியம் பூசிய காப்டான் என்ற பிளாஸ்டிக் படலம். முதல் அடுக்கு 0.05 மி.மீ., மற்றவை 0.025 மி.மீ. தடிமன். அடுக்குகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை, ஓரங்களை நோக்கி விரிந்துகொண்டு போகின்றன. ஓர் அடுக்கிலிருந்து கிளம்பும் வெப்பம் இரண்டு படலங்களுக்கு நடுவே எதிரொளித்து எதிரொளித்துப் பக்கவாட்டில் வெளியேறிவிடும், அடுத்த அடுக்குக்கு மிகக் கொஞ்சமே போய்ச் சேரும். சூரியன் பக்கம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல், மறுபக்கத்தில் மைனஸ் 230 அளவு. நடுவில் இருப்பது காகிதம் போன்ற ஐந்து தாள்களும் வெற்றிடமும்தான். 5 மைக்ரான் வரை பார்க்கும் கேமராக்களுக்கு இந்த நிழலே போதும், தனிக் குளிரூட்டி எதுவும் கிடையாது.

ஆயுளை லிட்டரில் அளந்த காலம்

நிழல் எட்டாத ஆழத்துக்கு ரொம்ப காலம் ஒரே பதில்தான் இருந்தது: தொட்டியில் திரவ ஹீலியத்தை நிரப்பி அனுப்புவது. 1908-இல் லைடன் நகரத்தில் காமர்லிங் ஓனஸ் முதன்முதலில் திரவமாக்கிய ஹீலியம், சாதாரண அழுத்தத்தில் 4.2 கெல்வினில் கொதிக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் இன்னும் குளிரும். தரையில் அதற்குப் பெரிய பம்புகள் வேண்டும். விண்வெளியில் ஒரு துவாரம் போதும், வெற்றிடமே பம்பு.

ஆனால் எடையில்லாத இடத்தில் திரவம் தொட்டியின் அடியில் தங்காது. ஆவி மட்டும் வெளியேற வேண்டும், திரவம் உள்ளே நிற்க வேண்டும். மேல் எது கீழ் எது என்று தெரியாத இடத்தில் இது எப்படி? இதற்குக் கண்டுபிடித்த தீர்வு இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. 2.17 கெல்வினுக்குக் கீழே ஹீலியம் உராய்வே இல்லாத மீபாய்மமாக மாறுகிறது. அந்த நிலையில் அதற்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. மிக நுண்ணிய துளைகளுக்குள் அது குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்கு ஓடும். துவாரத்தில் நுண்துளைகள் நிறைந்த ஓர் உலோக அடைப்பை வைத்தால், அதன் வெளிமுகத்தில் ஹீலியம் ஆவியாகிக் குளிர்கிறது. உள்பக்கம் சற்றே சூடாக இருப்பதால், வெளியே வரப் பார்க்கும் திரவம் மறுபடி உள்ளேயே இழுக்கப்படுகிறது. ஆவி போய்விடும், திரவம் நிற்கும். நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாத வடிகட்டி.

ஹீலியத்தின் குறை, அது வெகு சீக்கிரம் ஆவியாவது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும் வெப்பம் 800 லிட்டருக்கும் மேலான திரவ ஹீலியத்தை ஆவியாக்கிவிடும். தொட்டிக்குள் ஒரே ஒரு வாட் கசிந்தால் மணிக்கு 1.4 லிட்டர் காலி. ஆனால் ஆவியான பிறகும் அது 4 கெல்வின் குளிரில்தான் இருக்கிறது. அந்த ஆவியை அப்படியே வெளியே விடாமல், தொட்டியைச் சுற்றியுள்ள கவசங்களின் மேல் குழாய்களில் ஓடவிட்டு, அது அறை வெப்பநிலைக்கு ஏறும் வரை சூட்டை வாங்கவைத்தால், ஆவியாவதற்கு வாங்கியதைப்போல ஏறக்குறைய 70 மடங்கு வெப்பத்தை அது சுமந்துகொண்டு போகும். ஹீலியம் தொட்டியின் உண்மையான சாமர்த்தியம் திரவத்தைவிட இந்த ஆவியில்தான் இருக்கிறது.

‘ஸ்பிட்சர்’ தொலைநோக்கி 2003 ஆகஸ்டில் 360 லிட்டர் ஹீலியத்தோடு கிளம்பியது. 2009 மே மாதம் வரை அது வந்தது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 360 லிட்டர் என்பது சுமார் 52 கிலோ. அது ஆவியாக வாங்கும் மொத்த வெப்பம் 12 லட்சம் ஜூல் அளவு. ஐந்தே முக்கால் வருடத்தின் நொடிகளால் வகுத்தால் வருவது 7 மில்லிவாட் பக்கம். ஒரு சாதாரண எல்.ஈ.டி. விளக்கு எரிப்பதைவிடக் குறைந்த சூடுதான் சராசரியாக அந்தத் தொட்டிக்குள் போயிருக்கிறது. இதற்காகத் தொட்டியைக் கண்ணாடியிழைப் பட்டைகளில் தொங்கவிடுவார்கள். மின்கம்பிகளுக்குச் செம்பைத் தவிர்த்து, வெப்பம் எளிதில் கடத்தாத உலோகக் கலவைகளைத் தேடுவார்கள். கூடுதலாக ஒரு கம்பி வேண்டுமென்றால் அதற்கு எத்தனை நாள் ஆயுள் போகும் என்ற கேள்வி முதலில் வரும்.

இப்படி ஆயுளை லிட்டரில் அளந்த கலங்கள் வரிசையாக வந்தன. 1983 ஜனவரியில் கிளம்பிய ‘ஐராஸ்’ வானம் ஏறக்குறைய முழுவதையும் விண்வெளியிலிருந்து முதன்முறையாக அகச்சிவப்பில் துழாவியது, வேகா விண்மீனைச் சுற்றித் தூசு இருப்பதைக் கண்டது, பத்து மாதத்தில் ஹீலியம் தீர்ந்து ஓய்ந்தது. ஐரோப்பாவின் ‘ஐசோ’ 18 மாதத்துக்குத் திட்டமிட்டு, 1995 நவம்பர் முதல் 1998 ஏப்ரல் வரை ஓடியது. ‘ஹெர்ஷல்’ 2,300 லிட்டருக்கும் மேல் சுமந்துகொண்டு 2009 மே மாதம் போனது, 2013 ஏப்ரலில் வறண்டது. 3.5 மீட்டர் ஆடிக்கு ஒரு குறையும் இல்லை, மின்சாரம் இருந்தது. குளிர் மட்டும் தீர்ந்துபோனது. இவ்வளவு செலவில் செய்த நல்ல ஆடி சும்மா சுற்றிக்கொண்டிருப்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

ஸ்பிட்சருக்கு மட்டும் வேறு விதி வாய்த்தது, காரணம் அதன் வடிவமைப்பு. முந்தைய கலங்களில் தொலைநோக்கி முழுவதுமே தொட்டிக்குள் இருக்கும். ஸ்பிட்சரில் தொலைநோக்கியை வெளியே வைத்து, அறை வெப்பநிலையிலேயே ஏவி, பூமியின் பின்னால் தள்ளிப் போகும் ஒரு பாதையில் நிழலிலேயே பெரும்பாலும் குளிரவிட்டார்கள். ஹீலியம் தீர்ந்ததும் வெப்பநிலை 28 கெல்வின் பக்கம் போய் நின்றுவிட்டது. அந்தக் குளிரில் 3.6, 4.5 மைக்ரான் கேமராக்கள் இரண்டும் முன்பு போலவே வேலை செய்தன. 2020 ஜனவரியில் அணைக்கும் வரை, ஹீலியம் இருந்த காலத்தைவிட இல்லாத காலம்தான் அதற்கு நீளம். டிராப்பிஸ்ட்-1 விண்மீனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக 2017-இல் அறிவித்தார்களே, அதில் பெரும்பங்கு இந்த ‘சூடான’ ஸ்பிட்சருடையது.

தீராத குளிருக்கு இயந்திரம்

தொட்டி தீரும், இயந்திரம் தீராது. அப்படியானால் ஏன் முதலிலேயே இயந்திரத்தை அனுப்பவில்லை? முதல் தடை வெப்ப இயக்கவியல். 80 கெல்வினிலிருந்து ஒரு வாட் சூட்டை எடுத்து 300 கெல்வினில் கொட்ட, குறையே இல்லாத இயந்திரத்துக்கு 2.75 வாட் போதும். 4 கெல்வினிலிருந்து எடுக்க 74 வாட் வேண்டும். உண்மையான இயந்திரங்கள் இந்த வரம்புக்குக் கிட்டவே வராது, பல மடங்கு கூடுதலாகத் தின்னும். அவ்வளவையும் சூரியத் தகடு கொடுக்க வேண்டும், அத்தனை சூட்டையும் ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டும்.

இரண்டாவது தடை தேய்மானம். பிஸ்டனுக்கு எண்ணெய் போட முடியாது, போட்டால் ஆவி குளிர்ந்த பக்கம் போய் உறைந்து வழியை அடைக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் 1980-களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பிஸ்டன் தண்டை வட்டமான தட்டு வில்களில் தாங்கவைத்தால் அது முன்னும் பின்னும் மட்டுமே போகும், பக்கவாட்டில் அசையாது. அதனால் பிஸ்டனுக்கும் உருளைக்கும் நடுவே நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி விடலாம். இரண்டும் தொடுவதே இல்லை, ஆகவே தேய்வதும் இல்லை. 1991-இல் நாசாவின் மேல்வளிமண்டல ஆய்வுக் கலத்தில் வாயுவை மாறிமாறி அமுக்கி விரியவிட்டுக் குளிர்விக்கும் இந்த வகை ஸ்டெர்லிங் குளிரூட்டிகள் போயின. இன்றைக்கு விண்வெளிக் குளிரூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் முன்னோடி.

மூன்றாவது, அதிர்வு. வானத்தில் ஒரு புள்ளியை அசையாமல் பார்க்க வேண்டிய கருவியின் பக்கத்தில் நொடிக்குப் பல முறை பிஸ்டன் அடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? இரண்டு பிஸ்டன்களை எதிரெதிராக வைத்து, ஒன்றின் உதையை மற்றதால் சமன்செய்வார்கள். குளிர்ந்த முனையில் நகரும் பாகமே இல்லாமல், வாயுவின் அழுத்தத் துடிப்பாலேயே குளிர்விக்கும் ‘பல்ஸ் டியூப்’ வந்த பிறகு அந்தப் பக்கத் தொல்லை இன்னும் குறைந்தது.

வெப் தொலைநோக்கியில் நடு அகச்சிவப்பைப் பார்க்கும் ‘மிரி’ கருவிக்கு ஆர்செனிக் கலந்த சிலிக்கான் உணரிகள். நிழல் தரும் 40 கெல்வின் அதற்குப் போதாது, 7-க்குக் கீழே வேண்டும். ஹீலியம் தொட்டி வைத்தால் மறுபடி லிட்டர் கணக்குத்தான். அதனால் இயந்திரம். கம்ப்ரசர்களைக் குடையின் சூடான பக்கத்தில், விண்கல உடலில் வைத்தார்கள். பல்ஸ் டியூப் மூன்று படிகளில் ஹீலியம் வாயுவை 18 கெல்வின் பக்கம் கொண்டுவருகிறது. அப்புறம் அந்த வாயு மெல்லிய குழாயில் சுமார் பத்து மீட்டர் பயணம் செய்து கருவியை அடைந்து, அங்கே ஒரு குறுகிய துளை வழியாக விரிந்து 6 கெல்வினுக்கு இறங்குகிறது. ஜூல்-தாம்சன் விளைவு என்பார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அறை வெப்பநிலையில் ஹீலியத்தை இப்படி விரியவிட்டால் அது குளிராது, சூடாகும்! சுமார் 40 கெல்வினுக்குக் கீழே போன பிறகே விரிவதால் குளிரும். முன்குளிர்விப்பு இல்லாமல் இந்த வித்தை செல்லாது என்பதற்குக் காரணம் அதுதான். 15 கெல்வின் பக்கத்தில் ஓர் இக்கட்டான கட்டம் இருந்தது. அங்கே குளிரூட்டி எடுக்கும் சூடு, உள்ளே கசிந்து வரும் சூட்டைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதைத் தாண்டி 2022 ஏப்ரலில் மிரி 7 கெல்வினுக்குக் கீழே இறங்கியது.

ஒரு கெல்வினுக்கும் கீழே

சில உணரிகள் எலக்ட்ரானை எண்ணுவதில்லை, சூட்டையே அளக்கின்றன. ஓர் எக்ஸ் கதிர்த் துகள் ஒரு துளிப் பொருளில் மோதி அதைச் சூடாக்குகிறது, எவ்வளவு சூடாகியது என்பதிலிருந்து அந்தத் துகளின் ஆற்றலைச் சொல்லிவிடலாம். கேட்க எளிது. ஆனால் 6,000 எலக்ட்ரான் வோல்ட் துகள் கொண்டுவரும் வெப்பம், ஒரு ஜூலை ஆயிரம் லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அதை 5 எலக்ட்ரான் வோல்ட் வரை துல்லியமாக அளக்க, அந்தத் துளி 0.05 கெல்வினில் இருக்க வேண்டும். விண்வெளிப் பின்னணியைவிட ஐம்பது மடங்குக்கு மேல் குளிர். பிரபஞ்சமே இந்தக் கருவிக்கு ஒரு சூளை.

அந்த ஆழத்துக்குப் போகும் ஒரு வழி காந்தம். சில உப்புகளில் அணுக்கள் குட்டிக் காந்தங்களாக இருக்கும். வலுவான காந்தப்புலத்தில் அவை எல்லாம் ஒரே திசையில் வரிசையாகும், அப்போது வெளிப்படும் சூட்டைத் திரவ ஹீலியம் வாங்கிக்கொள்ளும். பிறகு ஹீலியத்தோடு உள்ள தொடர்பைத் துண்டித்துவிட்டுப் புலத்தை மெல்லக் குறைத்தால், காந்தங்கள் மறுபடி கலைய ஆற்றல் வேண்டும். அதைச் சுற்றியுள்ள பொருளின் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும், எல்லாம் குளிரும். 1926-இல் டிபையும் ஜியோக்கும் தனித்தனியாகச் சொன்ன யோசனை. நகரும் பாகம் இல்லை, ஈர்ப்பு தேவையில்லை. விண்வெளிக்கென்றே அமைந்தது போல.

பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சை அளந்த ‘பிளாங்க்’ கலம் வேறு வழியில் போனது. நிழலில் 50 கெல்வின், ஹைட்ரஜனை உறிஞ்சி விடும் குளிரூட்டியில் 20, ஜூல்-தாம்சனில் 4, கடைசியில் ஹீலியம்-3, ஹீலியம்-4 என்ற ஹீலியத்தின் இரு வகைகளையும் கலந்து 0.1 கெல்வின் என்று ஒன்றின் தோளில் ஒன்று ஏறிய நான்கு குளிரூட்டிகள். கலந்த வாயுவை வெளியே விட்டுவிடும் அமைப்பு என்பதால் 2012 ஜனவரியில் அது தீர்ந்தது. 20 கெல்வினில் ஓடிய மற்றக் கருவி 2013 வரை தொடர்ந்தது.

கெட்டவை எங்கே கெட்டன?

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் 1997-இல் பொருத்திய ‘நிக்மாஸ்’ கேமராவில் உறைந்த நைட்ரஜன் இருந்தது. நான்கைந்து வருடம் வரும் என்றார்கள். உறைந்த நைட்ரஜன் விரிந்து குடுவையின் உள்சுவரைத் தள்ளியது. தொடவே கூடாத இரண்டு பாகங்கள் தொட்டுக்கொண்டன, அந்த ஒரு தொடுகை வழியே சூடு இறங்கியது. 1999 ஜனவரியில் நைட்ரஜன் முடிந்தது. 2002 மார்ச்சில் விண்வெளி வீரர்கள் போய், நியான் வாயுவில் ஓடும் ஒரு சுழலிக் குளிரூட்டியை இணைத்துக் கேமராவை மீட்டார்கள். ஆள் போய்ச் சேரும் உயரத்தில் இருந்ததால் தப்பியது.

அமெரிக்க வானிலைக் கலமான ‘கோஸ்-17’ 2018-இல் போனது. அதன் முக்கியக் கேமராவில் குளிரூட்டிகள் நன்றாகவே இருந்தன. ஆனால் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் வெப்பக் குழாய் சரியாக ஓடவில்லை. போக வழியில்லாத சூடு தேங்கி, சம இரவு நாட்களை ஒட்டிய காலங்களில் நள்ளிரவு வாக்கில் சில அகச்சிவப்பு அலைவரிசைகள் கெட்டன. குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்த கதை.

‘யூக்ளிட்’ தொலைநோக்கிக்கு நேர்ந்தது எதிர்த்திசையில். கலத்தின் பாகங்களுக்குள் ஒளிந்திருந்த துளி ஈரம் மெல்லக் கசிந்து, குளிர்ந்த ஆடிகளின்மேல் நானோமீட்டர் கணக்கில் பனியாகப் படிந்தது. 2024 மார்ச்சில் ஓர் ஆடியை மட்டும் மைனஸ் 147-இலிருந்து மைனஸ் 113 டிகிரிக்குக் கொண்டுவந்ததும் பனி போய்ப் பார்வை தெளிந்தது. குளிரவைத்த எதுவும் பக்கத்தில் இருக்கும் அழுக்கையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பதை இந்த வேலையில் இருப்பவர்கள் மறக்க முடியாது.

எல்லாவற்றிலும் கொடுமையானது ஜப்பானிய எக்ஸ் கதிர்க் கருவியின் வரலாறு. 0.06 கெல்வினில் ஓடும் முதல் கருவி 2000-இல் ஏவும்போதே ராக்கெட்டோடு போயிற்று. மறுபடி கட்டியதை 2005 ஜூலையில் ‘சுசாகு’வில் அனுப்பினார்கள். உணரிகள் சொன்னபடி குளிர்ந்தன. ஒரு மாதம்கூட ஆகவில்லை. தொட்டியிலிருந்து வெளியேறிய ஹீலியம் ஆவி கலத்துக்குள்ளேயே சுற்றி, தொட்டியைக் காக்கும் வெற்றிடத்துக்குள் புகுந்தது. தெர்மாஸின் சுவர்களுக்கு நடுவே காற்று நுழைந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. தன் ஆவியாலேயே தான் சூடாகி ஹீலியம் முழுவதும் கொதித்துப் போனது. மூன்றாவது, 2016 பிப்ரவரியில் போன ‘ஹிட்டோமி’. இந்த முறை குளிரில் ஒரு குற்றமும் இல்லை. பெர்சியஸ் என்ற விண்மீன்திரள் கூட்டத்தின் வெப்ப வாயு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதை அளந்து காட்டியது. மார்ச் 26-ஆம் தேதி திசைக் கட்டுப்பாடு தவறி, கலம் சுழன்று சிதறியது.

நான்காவது முயற்சி 2023 செப்டம்பரில் ஏவிய ‘கிரிஸம்’. இதில் ஹீலியமும் இருக்கிறது, இயந்திரக் குளிரூட்டிகளும் இருக்கின்றன. ஹீலியம் தீர்ந்தாலும் இயந்திரங்களை மட்டும் வைத்து ஓட்டும்படி கட்டியிருக்கிறார்கள். உள்ளே 36 உணரிகள், திட்டமிட்டதைவிட நல்ல துல்லியத்தில். ஆனால் குடுவையின் வாயில் ஒரு மூடி, தரையில் இருந்தபோது உள்ளே இருக்கும் வெற்றிடத்தைக் காத்த வால்வு. விண்வெளியில் அது திறந்து வழிவிட வேண்டும். திரும்பத் திரும்ப முயன்றும் திறக்கவில்லை. நல்லவேளை, அதன் நடுவில் கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பெரிலியம் சன்னல் இருக்கிறது. சுமார் 1,700 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழான கதிர்கள் அதைத் தாண்டுவதில்லை, மேலே உள்ளவை தாண்டுகின்றன. வயர் கலத்தின் மூடி சீக்கிரம் திறந்துவிட்டது, இது திறக்க மறுக்கிறது. மூடிய சன்னலுக்குப் பின்னால், 0.05 கெல்வினில், கிரிஸம் ஒவ்வொரு துகளாக எண்ணிக்கொண்டிருக்கிறது.